மலைநாட்டு மழையிலும் தபாற்பையிலும் நிற்கும் கம் எது? கூட்டுக் கொலாஜுக்கு ஒரு மதிப்பீடு

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு புத்தகசாலைக்குள் போய்க் கம் கேட்டால் மூன்று வகை மேசைக்கு வரும்: கம் ஸ்டிக், தெளிந்த கம் போத்தல், வெள்ளைக் கம். வெள்ளைக் கம்மின் தடித்த உறவுக்காரனான பைண்டர் கம் ஹார்ட்வெயார் கடையில் இருக்கும். ஐந்தாவது எந்தக் கடையிலும் இல்லை, குசினியில் இருக்கிறது: கோதுமை மாக் கூழ். பாடசாலை ஒப்படைக்கு இவற்றில் எது என்றாலும் சமாளிக்கலாம். சித்திரம் படிக்கும் நண்பர்கள் சேர்ந்து தபாலில் சுற்றவிடும் கொலாஜுக்கு, அதாவது தாள் துண்டுகளை ஒட்டிச் செய்யும் சித்திரத்துக்கு, அப்படிச் சமாளிக்க முடியாது. அங்கே கம் பிழைத்தால் ஒருவருடைய துண்டு மட்டும் போகாது, அதற்கு மேல் மற்ற நாலு பேர் ஒட்டியதும் சேர்ந்து உரிந்து வரும்.

முடிவை முதலே சொல்லிவிடலாம். பெரிய மெல்லிய தாளுக்குக் கோதுமை மாக் கூழ், சிறிய தடித்த துண்டுக்கும் பளபளப்பான தாளுக்கும் வெள்ளைக் கம். கம் ஸ்டிக்கை முகவரித் துண்டு ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள். தெளிந்த கம் போத்தலை மலைநாட்டில் கொலாஜுக்கு வாங்கவே வேண்டாம். காரணங்கள் கீழே வருகின்றன.

வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொன்னால்தான் மதிப்பீடு விளங்கும். ஐந்து நண்பர்கள் என்று வைப்போம். ஒருவர் தலவாக்கலையில், ஒருவர் பதுளையில், ஒருவர் கண்டியில், மற்ற இருவர் படிப்புக்காக யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும். ஐவரும் ஆளுக்கொரு தாளைத் தொடங்கி அடுத்தவருக்கு அனுப்புவார்கள். வந்த தாளில் தன் பங்கை ஒட்டி, அதற்கடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். கடைசியில் தாள் தொடங்கியவரிடமே திரும்பும். அமெரிக்க ஓவியர் ரே ஜோன்சன் நியூயோர்க்கிலிருந்து தன் தாள்களை 'இதில் சேர்த்து எனக்குத் திருப்பி அனுப்புங்கள்' என்ற குறிப்போடு அனுப்பியது இந்த வழிக்குப் பெரிய வேர். அவரைச் சுற்றி உருவான கடிதப் பரிமாற்றத்தை 1970இல் நியூயோர்க் விட்னி அருங்காட்சியகம் ஒரு கண்காட்சியாகவே வைத்தது. தாளை மடித்து மறைத்து, முன்னவர் செய்ததைப் பார்க்காமல் தொடரும் விளையாட்டு இன்னும் பழையது. 1925இல் பாரிஸில் சர்ரியலிஸ்டுகள், அதாவது கனவையும் தற்செயலையும் கலையாக்கிய குழுவினர், தொடங்கியது அது.

இதில் பொருளுக்கு வரும் சோதனையைப் பாருங்கள். ஒரே தாள் ஐந்து முறை நனைகிறது, ஐந்து முறை காய்கிறது, ஐந்து முறை உறைக்குள் போய்த் தபாற்பையில் நெரிபடுகிறது. ஹட்டன், வட்டவளைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஓயாது; வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றருக்கு மேல். அதே காலத்தில் பதுளை, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் வெயிலும் காற்றுமாக இருக்கும், அங்கே மழை பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் இறங்கும். ஆகவே ஒரே வட்டத்தில் இருக்கும் நண்பர்களில் பதுளைக்காரருக்கு ஒரு இரவில் காய்வது தலவாக்கலைக்காரருக்கு இரண்டு நாளாகலாம். யாழ்ப்பாண வெக்கையில் மொறுமொறுவென்று காய்ந்து இறுகிய தாள் நானுஓயா பனிமூட்டத்துக்குள் வந்ததும் ஈரம் குடித்துத் தளரும். நல்ல கம் இந்த இழுப்பையும் தளர்வையும் தாங்க வேண்டும்.

முதலில் கம் ஸ்டிக். கை அழுக்காகாது, தாள் சுருங்காது, உடனே பிடிக்கும். பேருந்தில் இருந்துகொண்டே ஒட்டலாம் என்பதால் மாணவர்களுக்கு விருப்பமான பொருள். ஆனால் பெரும்பாலான ஸ்டிக்குகளில் இருக்கும் பசைப்பொருள் காற்றின் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. கடதாசி காய்ந்த பிறகும் அது ஈரத்தோடு பேசிக்கொண்டே இருக்கும். முதலில் உரிவது எப்போதும் மூலைதான். விளிம்புவரை பூசாமல் நடுவில் மட்டும் இரண்டு கோடு இழுப்பவர்களின் துண்டு முதலாவது பயணத்திலேயே வாய் திறக்கும். ஸ்டிக்கைத்தான் பாவிக்க வேண்டும் என்றால் துண்டைப் பழைய சஞ்சிகை மேல் கவிழ்த்து வைத்து, நடுவிலிருந்து வெளியே, விளிம்பைத் தாண்டிச் சஞ்சிகை மேலும் படும்படி இழுங்கள். ஒட்டிய பின் கரண்டியின் பின்புறத்தால் விளிம்புகளை அழுத்தித் தேயுங்கள். இவ்வளவு செய்தாலும் சாதாரணக் கடதாசிக்குத்தான் சரி. அட்டை, துணி, புகைப்படம் எதற்கும் ஆகாது.

தெளிந்த கம் போத்தல், அதுதான் வாயில் றப்பர் நுனியோடு வரும் கண்ணாடி நிறக் கம், மலைநாட்டுக்கு மிக மோசமான தெரிவு. காய்ந்த பிறகும் தண்ணீரில் கரையும் வகை அது. விளிம்பில் ஒரு சொட்டுப் பிதுங்கிக் காய்ந்திருந்தால், வெயிலில் அது வார்னிஷ் போலக் கெட்டியாக இருக்கும். மழை நாளில் அதே இடத்தில் விரலை வைத்தால் விரல் ஒட்டும். உறைக்குள் அந்தச் சொட்டு உறையின் உட்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பெறுபவர் இழுக்கும்போது உங்கள் கொலாஜின் தோல் உறையோடு போகும். தண்ணீர்த் தன்மை அதிகமென்பதால் பத்திரிகைத் தாளை அலை அலையாகச் சுருக்கியும் விடும். விலை குறைவு என்பதைத் தவிர இதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

வெள்ளைக் கம்மும் பைண்டர் கம்மும் ஒரே குடும்பம், பொலிவினைல் அசிற்றேற் நீரில் கலந்தது. மாணவர் போத்தல் மெல்லியது, தச்சருக்கான பைண்டர் கம் தடித்தது. காய்ந்தால் தெளிவாகும், மடித்தால் உடையாது, நனைந்தால் கொஞ்சம் மெதுவாகுமே தவிரக் கரைந்து ஓடாது. தபாற்பைக்குப் பொருத்தமான குணம் இது. பைண்டர் கம்மை அப்படியே பூசாதீர்கள். இரண்டு பங்கு கம்முக்கு ஒரு பங்கு தண்ணீர் போதும். சரிபாதி கலந்தால் கடதாசி அதிகம் ஊறிச் சுருங்கும். 1 அங்குலத் தட்டைத் தூரிகையால், அடியிலிருக்கும் எழுத்து மங்கலாகத் தெரியும் அளவு மெல்லியதாகப் பூச வேண்டும். தடிப்பாகப் பூசினால் பலம் கூடாது, காயும் நேரந்தான் கூடும்.

இதற்கு மூன்று குறைகள் உண்டு, மூன்றும் மலைநாட்டில் பெரிதாகும். முதலாவது குளிர். வெள்ளைக் கம்மின் நுண்துளிகள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து படலமாவதற்கு ஒரு குறைந்தபட்ச வெப்பம் வேண்டும். வகையைப் பொறுத்து அது 5 பாகைக்கும் 12 பாகைக்கும் இடையில் இருக்கும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனி விழுவதும் உண்டு. அந்த இரவில் யன்னலோரம் ஒட்டி வைத்தால், காலையில் ஒட்டுக்கோடு தெளிவாக இல்லாமல் சுண்ணாம்பு வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்வதாக இருக்கும். அந்த ஒட்டுக்குப் பலம் கிடையாது, பிறகு சூடாக்கினாலும் தேறாது. குளிர் மாதங்களில் நண்பகலில் ஒட்டுங்கள், போத்தலையும் முன்கூட்டி இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள்.

இரண்டாவது குறை, படலம் படலத்தைப் பிடிப்பது. கொலாஜின் மேற்பரப்பிலும் வெள்ளைக் கம்மை வார்னிஷாகப் பூசும் பழக்கம் சித்திர வகுப்புகளில் பரவலாக இருக்கிறது. பார்க்கப் பளபளப்பாக இருக்கும். ஆனால் இரண்டு தாள்களை முகத்தோடு முகம் அடுக்கிப் பாரம் வைத்தால், ஈரமான காற்றில் இரண்டும் ஒன்றாகிவிடும். அடுத்தவர் அதன் மேல் கூழால் ஒட்டவும் முடியாது, வழுக்கும் பரப்பில் கூழ் பிடிக்காது. அப்படி வந்த தாளை 400 இலக்க மண்தாளால் மெதுவாக ஒரு தடவை தேய்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். குழுவுக்குள் ஒரு விதி வைப்பது நல்லது: துண்டின் அடியில் மட்டுமே வெள்ளைக் கம், மேலே பூச்சு கடைசியாக முடிப்பவருக்கு மட்டும்.

மூன்றாவது, ஒட்டியது ஒட்டியதுதான். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நகர்த்த முடியாது. நண்பர் ஒட்டியதைக் கொஞ்சம் கழற்றி, அடியில் இருந்ததை வெளியே கொண்டுவர விரும்பினால் கிழிக்கத்தான் வேண்டும். கூட்டு வேலையில் இது சின்ன விடயமில்லை, ஏனென்றால் சேர்ப்பதைப் போலவே நீக்குவதும் ஒரு பங்களிப்பு.

கோதுமை மாக் கூழ் அந்த இடத்தில்தான் வெல்கிறது. காய்ந்த பிறகும் ஈரத் துணியைக் கொஞ்ச நேரம் மேலே வைத்தால் துண்டு முழுசாக எழும்பி வரும். ஒட்டும்போதும் நிதானத்துக்கு இடம் கொடுக்கும், பல நிமிடம் துண்டை நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். 1919இலிருந்து 'மெர்ட்ஸ்' என்று தான் பெயரிட்ட கொலாஜ்களைச் செய்த ஜெர்மன் ஓவியர் கேர்ட் ஷ்விட்டர்ஸ் டிராம் டிக்கெட்டையும் பொட்டலத் தாளையும் மாவும் தண்ணீரும் பூசிய தாளில் வைத்து, ஈரம் இருக்கும்போதே நகர்த்தி இடம் பிடிப்பார். வெள்ளைக் கம்மில் அந்த வேலை நடக்காது.

அளவு இது. கோதுமை மா 3 மேசைக்கரண்டி, தண்ணீர் 1 கோப்பை, அதாவது 240 மில்லிலீற்றர். கால் கோப்பைப் பச்சைத் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். மிச்சத் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதில் மாக்கரைசலை ஊற்றி, சிறு தீயில் 4, 5 நிமிடம் அடிபிடிக்காமல் கிண்டுங்கள். வெள்ளை நிறம் மாறி ஒரு மங்கலான தெளிவு வந்து, பச்சை மா மணம் போனால் பதம். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். கவலை வேண்டாம், மா 65 பாகையைத் தொடுமுன்பே கூழாகத் தொடங்கிவிடும். இறக்கித் தேத்தண்ணி வடியால் வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விட்டால் ஒவ்வொரு மாக்கட்டியும் கொலாஜில் ஒரு பருவாக நிற்கும். சூட்டோடு மூன்று கராம்பு போட்டு மூடி, ஆறியதும் எடுத்துவிட்டால் பூஞ்சணம் வருவது சற்றுத் தள்ளிப்போகும். அப்படியும் வெளியில் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். புளித்த வாசனை வந்தால் ஊற்றிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுவதுதான் வழி. மயில்துத்தம் கலந்தால் பூச்சியும் பூஞ்சணமும் அண்டாது என்பது பழைய வழக்கம். அது நஞ்சு. கையால் தொட்டு, தபாலில் வீடு வீடாகப் போகும் பொருளில் அதற்கு இடமே இல்லை.

ஒட்டும்போது கூழைத் துண்டின் பின்பக்கம் பூசி உடனே வைக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். கடதாசி ஈரம் குடித்து விரியும். விரிந்து முடிந்த பிறகு வைத்தால் குமிழும் சுருக்கமும் வராது. அவசரப்பட்டு வைத்தால் அது தாளின் மேலேயே விரிந்து நடுவில் கூடாரம் போடும். அடுத்தவர் கவனிக்க வேண்டியது வேறு: முன்னவர் கூழால் ஒட்டிய தாளின் மேல் தண்ணீர்த்தனமான கூழைப் பூசினால் அடிப்படையும் ஊறி வழுக்கும். ஆகவே மூன்றாவது, நாலாவது கைகளுக்குக் கூழ் தடிப்பாக, கரண்டியிலிருந்து ஓடாமல் விழும் பதத்தில் இருக்க வேண்டும். கூழின் இன்னொரு குறை கரப்பானும் வெள்ளிப்பூச்சியும். இரண்டுக்கும் மா பிடிக்கும். முடிந்த தாள்களைத் திறந்த அலுமாரியில் வைக்காமல் பிஸ்கட் தகரத்தில், வறுத்த அரிசி கட்டிய சிறு துணி முடிச்சோடு வையுங்கள். வறுத்த அரிசி ஈரத்தை இழுக்கும். மெதுவானதும் மறுபடி வறுத்தால் மறுபடி பாவிக்கலாம். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் கிடைத்தால் அதுவும் சரி.

இரட்டைப்பக்க டேப், செலோடேப், சைக்கிள் டியூப் ஒட்டும் சொலூஷன் ஆகியவற்றையும் ஆட்கள் கேட்பார்கள். டேப்பின் பசை காலப்போக்கில் மஞ்சளாகித் தாளுக்குள் எண்ணெய்போல ஊறும். சொலூஷன் தாளைச் சுருக்காது என்பது உண்மை, ஆனால் ஆண்டுகள் போகப் பழுப்புக் கறை விட்டுப் பிடி தளரும். அவசரத்துக்குத்தான்.

கம்முக்கு அடுத்தது அட்டை. எல்லோருடைய கையிலும் இருப்பது பிரிஸ்டல் போட். மலிவு, எங்கும் கிடைக்கும், ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கட்டாயம் வளையும். நனைந்து விரிந்த மேல்தாள் காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுப்பதுதான் காரணம். பாரம் வைப்பதால் மட்டும் இது தீராது. பாரத்தை எடுத்ததும் மெல்ல மெல்ல மறுபடி வளையும். பின்பக்கத்திலும் அதே அளவு கடதாசி ஒன்றை, அதே கம்மால், அதே நாளில் ஒட்டுங்கள். இரண்டு பக்க இழுப்பும் சமமாகும். இரண்டு தாளின் நார் ஓடும் திசையும் ஒன்றாக இருப்பது முக்கியம். நார்த்திசை அறிய அட்டையை மெதுவாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ அந்த வளைவின் மடிப்புக்கோடு ஓடும் திசையே நார்த்திசை. பத்திரிகையைக் கிழித்தாலும் தெரியும்: நார் வழியே நேராகக் கிழியும், குறுக்கே கோணல்மாணலாகப் போகும். நிறப் பிரிஸ்டல் என்றால் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள்; துணியில் நிறம் வந்தால் கூழ் வேலைக்கு ஆகாது.

பிரிஸ்டலைவிட நல்ல அடித்தளம் காசில்லாமலே கிடைக்கிறது. பிஸ்கட், பற்பசைப் பெட்டிகளின் உட்பக்கச் சாம்பல் நிற அட்டை எந்தக் கம்மையும் நன்றாக உறிஞ்சும். அச்சடித்த வெளிப்பக்கம் வழுக்கும் பூச்சுள்ளதால் அதில் ஒட்டாதீர்கள்.

ஒட்டும் பொருளில் மலைநாட்டுக்குக் குறைவே இல்லை. தேயிலை ஏற்றுமதிக்குப் பயன்படும் கடதாசிச் சாக்கு பல அடுக்குகள் கொண்டது, உள்ளே ஈயத்தாள் பூச்சு இருக்கும். அடுக்குகளைப் பிரித்தெடுத்தால் வெளிப்புறப் பழுப்புத் தாள் கூழுக்கு மிகவும் நன்றாக இணங்கும், அச்சடித்த எழுத்தும் அழகு. உள்ளிருக்கும் ஈயத்தாளை வேறொரு பளபளப்பான பரப்பில் வெள்ளைக் கம்மால் ஒட்டப் பார்க்காதீர்கள். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நடுவில் கம் நாட்கணக்கில் பச்சையாகவே இருக்கும். தண்ணீர்க் கம் எதுவானாலும் இரண்டு பரப்பில் ஒன்றாவது உறிஞ்சக்கூடியதாக இருக்க வேண்டும்.

பழைய தடித்த ரயில் டிக்கெட் எல்லோரும் ஒட்ட விரும்பும் துண்டு. 57க்கு 30 மில்லிமீற்றர் அளவு, தடிப்பு முக்கால் மில்லிமீற்றருக்கு மேல். அப்படியே ஒட்டினால் அதன் விளிம்பு ஒரு படிக்கட்டு. உறைக்குள் அந்தப் படியில் மற்றத் தாள்கள் தேய்ந்து கிழியும், வெளியே அழுத்தத்தில் அதுவே முதலில் தெறிக்கும். பிளேட்டின் நுனியை டிக்கெட்டின் ஒரு மூலையில் நடு அடுக்குக்குள் நுழைத்துச் சிறிது பிளந்து, பிறகு விரலால் மெதுவாகச் சுருட்டி உரித்தால் அச்சடித்த முகப்பு தனியே வரும். அட்டையைச் சுருட்டுங்கள், முகப்பை நேராகப் பிடியுங்கள். மாறிச் செய்தால் முகப்பில் குறுக்கு வெடிப்பு விழும். மெல்லிய முகப்பு வெள்ளைக் கம்மில் ஒரு நிமிடத்தில் அமர்ந்துவிடும்.

லொத்தர் சீட்டு, கலியாண அழைப்பிதழ், கொப்பி மட்டை எல்லாம் பயம் இல்லை. வீரகேசரி, தினகரன் போன்ற பத்திரிகைத் தாள் மஞ்சளாகும், அதில் இருக்கும் மரக்கூறு வெளிச்சத்தில் நிறம் மாறுவதால். அது வேண்டாமென்றால் கொமியூனிகேஷன் கடையில் போட்டோகொப்பி எடுத்து ஒட்டுங்கள். போட்டோகொப்பியின் கறுப்பு தூள் உருகிப் பிடித்தது, தண்ணீரில் கலங்காது. இங்க்ஜெட் அச்சு கூழ் பட்டதும் ஊதா நீலமாகக் கசியும். சில ஜெல் பேனாக்களும் அப்படியே.

காயவைத்தல் இந்த வேலையில் பாதி. ஒட்டியதும் தாளை ஒயில் பேப்பர் இரண்டுக்கு நடுவில் வைத்து, அதன் மேலும் கீழும் அச்சில்லாத வெள்ளைத் தாள் நாலைந்து அடுக்கி, பலகை வைத்து இரண்டு செங்கல் ஏற்றுங்கள். பத்திரிகையை உறிஞ்சு தாளாக வைத்தால் மை பதியும். அரை மணியில் ஒயில் பேப்பரை எடுத்துவிட்டு உறிஞ்சு தாளை மாற்றுங்கள், இரண்டு மணியில் இன்னொரு தடவை, இரவு படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை. அடுப்புக்கு மேல் தொங்கவிட்டு அவசரமாகக் காயவைக்க வேண்டாம். ஒரு பக்கம் முந்திக் காய்ந்து வளையும், புகையும் பிடிக்கும். காய்ந்ததா என்று அறியக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். தாள் குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. வறண்டது போல விரலுக்குத் தெரிந்தாலும் கன்னம் ஏமாறாது. ஈரத்தோடு பொலிதீன் உறைக்குள் போட்டு அனுப்பினால் மூன்றாம் நாள் போய்ச் சேருவது பச்சைப் புள்ளி விழுந்த தாள். நன்றாகக் காய்ந்த தாளுக்கோ மழைக்காலத்தில் பொலிதீன் உறை மிக நல்ல காவல்.

தபால் பக்கம். உறையில்லாமல் அட்டையாக அனுப்பினால் ஏ6, அதாவது 105க்கு 148 மில்லிமீற்றர், பாதுகாப்பான அளவு. 90க்கு 140இலும் சிறியது சர்வதேசத் தபாலில் செல்லாது. சுற்றவிடும் கொலாஜுக்கு ஏ5 எடுத்து உறையில் அனுப்புவது மேல். எடையை வீட்டிலேயே கணக்கிடலாம். சதுர மீற்றருக்கு 230 கிராம் அட்டையில் ஏ5 துண்டு 7 கிராமுக்குச் சற்று மேல், அதே அளவு பத்திரிகைத் தாள் ஒன்று ஒன்றரைக் கிராம். உறையும் கம்மும் சேர்ந்து ஐந்தாவது கைக்குப் போகும்போது முதல் கையில் இருந்ததன் இரண்டு மடங்காகிவிடும். கவுண்டரில் நிறுக்காமல் முத்திரை ஒட்டிப் பெட்டியில் போட்டால் பெறுபவர் தண்டம் கட்ட நேரும்.

ஐந்து தாள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து பயணம், மொத்தம் 25 கடிதம். சாதாரணக் கடிதக் கட்டணம் 2022 ஓகஸ்டில் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவானது. அந்தக் கணக்கில் ஆளுக்கு 250 ரூபா, எடை ஏறினால் அதற்கு மேல். படிக்கும் பிள்ளைகளுக்கு இது தாங்கும் செலவு. எல்லாப் பயணத்துக்கும் பதிவுத் தபால் தேவையில்லை. ஐந்து கையும் பட்டுக் கடைசியாகத் திரும்பும் பயணத்துக்கு மட்டும் பதிவு செய்யுங்கள், அந்தத் தாளை மறுபடி செய்ய முடியாது. ஒவ்வொரு கையும் அனுப்புமுன் ஒரு படம் எடுத்து வைப்பதும் கட்டாயம்.

முத்திரை ஒட்டும் இடத்தைத் துப்புரவான, உறிஞ்சும் கடதாசியாக விடுங்கள். வெள்ளைக் கம் பூசிய பரப்பில் தபாலகத் திகதி முத்திரையின் மை காயாமல் தேய்ந்துவிடும். முத்திரைக்கு மேலே கம்மோ வார்னிஷோ பூசவே கூடாது. முத்திரையைக் கழுவி மறுபடி பாவிக்கும் தந்திரமாக அது பார்க்கப்படும். நீங்களே வரைந்த விளையாட்டு முத்திரைகளைப் பின்பக்கம் ஒட்டுங்கள், உண்மை முத்திரைக்குப் பக்கத்தில் வேண்டாம். கையால் குத்தும் திகதி முத்திரை கொலாஜுக்குக் கிடைக்கும் ஓர் அழகு. கூட்டமில்லாத நேரத்தில் உப தபாலதிபரிடம் "ஐயா, கொஞ்சம் தெளிவாகக் குத்தித் தர முடியுமா" என்று கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. 1894இல் கட்டிய நுவரெலியாச் செங்கல் தபாலகத்தின் பெயர் தெளிவாக விழுந்த அட்டைக்கு வெளியூர் நண்பர்களிடம் தனி மதிப்பு.

முகவரிதான் மலைநாட்டில் தனிப் பிரச்சினை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன் வீடுகள் பலவற்றுக்குச் சொந்த இலக்கம் கிடையாது. கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போய், அங்கிருந்து கைமாறி வரும். அங்கே எத்தனை நாள் இருக்கும் என்பது அந்தந்தத் தோட்டத்தைப் பொறுத்தது. தோட்டத்து நண்பர் பெயர், லயன், பிரிவு, தோட்டம், தபாலகம், குறியீடு என்ற ஒழுங்கில் முழுவதையும் எழுதச் சொல்லுங்கள்; தலவாக்கலை 22100, ஹட்டன் 22000, பண்டாரவளை 90100. முடிந்தால் நகரத்தில் தெரிந்த கடை ஒன்றின் பெயரால் பெறுவது இன்னும் நிச்சயம். முகவரியைத் தமிழோடு சிங்களத்திலும் எழுதுங்கள், 'மடிக்க வேண்டாம்' என்பதையும். பந்துமுனைப் பேனா போதும், மழை பட்டாலும் கலங்காது.

கடைசியாகத் தாளின் பின்பக்க மூலையில் ஐந்து கோடு போட்ட ஒரு சிறு துண்டு. ஒவ்வொரு கையும் அதில் திகதி, ஊர், பாவித்த கம் மூன்றையும் பென்சிலால் எழுத வேண்டும். 'கூழ்' என்று இருந்தால் அடுத்தவர் ஈரத் துணி வைத்துக் கழற்றலாம், 'வெள்ளைக் கம்' என்று இருந்தால் அதன் மேல்தான் கட்ட வேண்டும், 'ஸ்டிக்' என்று இருந்தால் விளிம்புகளை முதலில் வெள்ளைக் கம்மால் மறுபடி பிடித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.